தேதி மட்டும் மாறும் கணக்கு

விரிதாளில் மேக்ரோ எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். ஒரே ஒரு வரிசைக்கு வேலை செய்யும் கட்டளைகளை எழுதுவது எளிது. அதையே நூறு வரிசைக்கும், நாளை யாரோ நிரப்பப்போகும் எண்களுக்கும் ஓடும்படி மாற்றும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. சுற்றுக்குச் சுற்று மாறும் எண் எது, கடைசிவரை மாறாமல் நிற்கும் எண் எது என்று அப்போது பிரித்தாக வேண்டும். இந்தப் பிரிவினையைக் கணினி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கச்சிதமாகச் செய்துவைத்த தொழில் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு: வாக்கியப் பஞ்சாங்கக் கணிதம். அதன் பலம், பிற்காலத்தில் அதில் நேர்ந்த பிசகு இரண்டுமே இந்தப் பிரிவினையிலிருந்துதான் வந்தன என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் இந்தக் கணிதத்தை விளக்கும் ‘வாக்யகரணம்’ என்ற நூலை சுந்தரராஜரின் உரையோடு வெளியிட்டது. பதிப்பித்தவர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும். சர்மா பின்னாளில் அடையாற்றில் ஆராய்ச்சி மையம் அமைத்து, இந்தத் துறையின் சுவடிகளோடு கடைசிவரை வாழ்ந்தவர். நூலை இயற்றியவர் பெயர் தெரியாது. காலத்தை மட்டும் அதிலுள்ள ஓர் எண்ணே காட்டிக்கொடுக்கிறது. சந்திரன் இருக்குமிடம் வேண்டுமானால், கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி அதில் 1600984-ஐக் கழிக்க வேண்டும். அந்த நாள் கி.பி. 1282-இல் விழுகிறது. மிச்சத்தை 12372-ஆல் வகுக்க வேண்டும். அதில் மிஞ்சியதை 3031-ஆல். அதிலும் மிஞ்சியதை 248-ஆல். வாக்கியம் என்பது ஒரு நாளுக்குரிய எண்ணைச் சுமக்கும் சொற்றொடர். கடைசியில் நிற்கும் எண், 248 வாக்கியங்களில் எத்தனையாவது வாக்கியம் இன்றைக்கு உரியது என்று சொல்லும். ஒவ்வொரு ஈவையும் அதற்குரிய துருவத்தால், அதாவது அந்தச் சுற்றுக்கென்று வைத்த மாறாத பாகையால் பெருக்கி, தொடக்க நாளின் துருவத்தையும் வாக்கியம் தரும் பாகையையும் கூட்டினால் சந்திரன் நிற்குமிடம் கிடைத்துவிடும். இத்தனை வகுத்தல் எதற்கு? சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து புறப்பட்டு மறுபடி அந்தப் புள்ளிக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது முறை வந்தால் 248 நாளுக்கு ஏறத்தாழ 13 நிமிடம் குறையும். அந்த 13 நிமிடம் சேர்ந்து சேர்ந்து மலையாகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அதற்கு மேல் 3031, அதற்கும் மேல் 12372. நான்கு 3031-உம் ஒரு 248-உம் சேர்ந்ததே 12372 என்பதைக் கவனித்தால், எவ்வளவு யோசித்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஒரு நாளுக்குப் போட்டுப் பார்க்கலாம். 1825 மே 31 காலை, கலி பிறந்து கழிந்த நாள் 1799312. தொடக்க எண் போக மீதி 198328. அதில் 12372 பதினாறு முறை அடங்கும், மிச்சம் 376. 3031 ஒருமுறைகூட அடங்காது, அந்தப் படியைச் சும்மா தாண்டிவிடலாம். 248 ஒருமுறை; மிச்சம் 128. ஆக, 128-ஆவது வாக்கியம். தேதி எதுவானாலும் படிகள் இவைதான்.

அந்தத் தேதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வான் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரென், தென்னிந்திய மக்களின் காலக் கணக்கை விளக்கி 1825-இல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அந்த மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. வானியல் வரலாற்று ஆய்வாளர் ஆட்டோ நியூகெபாயர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ பற்றி எழுதிய கட்டுரை இந்தப் பதிவிலிருந்து தொடங்கித்தான் இம்முறையின் வேரைத் தேடிப்போனது.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாட்டில் எதுவுமே தெரியாது என்கிறார் வாரென். இதைத்தான் பலரும் குறையாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: புரியாமல் செய்வது கணிதமா, கிளிப்பிள்ளைப் பாடமா? கேள்வி நியாயமானது. ஆனால் கோட்பாடு தெரியாதவர் கையிலும் கணக்கு பிசகாமல் நடக்க வேண்டும் என்பதே இந்த முறையை அமைத்தவர்களின் நோக்கம். ஊருக்கு ஊர் திதி சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஒரு வானியலாளர் கிடைக்கமாட்டார். அதனால் அறிவை அட்டவணைக்குள் வைத்தார்கள், உழைப்பை ஆளிடம் விட்டார்கள். நினைவில் நிற்க எண்களை எழுத்துகளாக்கினார்கள். 248 நாள் சுற்றுக்கு வாரென் தரும் பெயர் தேவாரம். எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2; வலமிருந்து வாசித்தால் 248. பெயரைச் சொன்னாலே எண் வந்துவிடுகிறது.

பிசகும் இங்கேதான் ஒளிந்திருந்தது. வானத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமென்றால், அந்த எண்ணைச் சுமக்கும் சொற்றொடரையே மாற்ற வேண்டும். புதிய எண்ணும் வர வேண்டும், பொருளும் நிற்க வேண்டும். அது கவிஞனும் கணிதனும் ஒரே ஆளாக இருந்தால் மட்டுமே நடக்கிற காரியம். கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவர் இதைச் செய்தார். சந்திர வாக்கியங்களை விகலை வரை நுட்பமாக்கிப் புதிதாக இயற்றினார்.  முறை திருத்தத்துக்கு இடம் கொடுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலோ பழைய எண்களே நிலைத்தன. நுங்கம்பாக்கம் ஆய்வுக்கூடத்தில் முதல் உதவியாளராக இருந்து, 1874-இன் வெள்ளி இடைநகர்வு பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானில் பார்த்துச் சரிசெய்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை முன்வைத்த பிறகும் இரண்டு வழக்குகள் இணையாகவே நடக்கின்றன. சனி கும்ப ராசிக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாறு சனி கோயில் பின்பற்றும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கும் இரண்டு பஞ்சாங்கங்களுக்கு இடையே பதினொரு மாதம் கிடக்கிறது.

விரதமும் பெயர்ச்சியும் மரபைச் சார்ந்தவை, வானத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டியதில்லை என்று வாக்கியத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. மரபு என்ற சொல்லுக்கு நான் மதிப்பு வைப்பவன்தான். ஆனால் மரபு எது என்பதை இந்த நூல்களிடமே கேட்க வேண்டும். அவை கிரகணத்தையும் கணிக்கின்றன. இத்தனை நாழிகைக்குச் சந்திரன் மறையத் தொடங்கும் என்று எழுதி வைப்பவர், அந்த நேரத்தில் ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறார்.