அலெப்போ கோதுமை வயலும் எங்க பேத்தியோட எலிக்கூண்டும்

நாற்பது வருஷமா வயல் எலியை ஒழிக்கிறதே வேலையா இருந்தவன், சென்னையில மூணாவது மாடி வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு எலியை உயிரோடு பிடிக்க பக்கெட் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தை அறுப்பு முடிஞ்சு மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப நடந்தது இது.

பேத்திக்கு ஏழு வயசு. பிறந்தநாளைக்கு மாப்பிள்ளை ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். பொன் நிறம், வால் இருக்கா இல்லையான்னே தெரியாது, கன்னம் ரெண்டும் பை மாதிரி. பேரு பிஸ்கட். கடைக்காரர் அதோடயே ஒரு கூண்டும் கொடுத்திருக்கார். ஒன்றரை அடி நீளம், ரோஸ் கலர் கம்பி, மாடி வச்சது, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சக்கரம். பார்க்க அழகு. ஆனா ராத்திரி முழுக்க அது கம்பியைக் கடிச்சுக்கிட்டே இருந்தது. மகள் போன்ல சொன்னாள், "அப்பா, தூங்கவே முடியலப்பா. மூக்கு ஓரம் முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

இதுக்கென்ன, நான் ஒரு கூண்டு செஞ்சு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். வீட்டுல அப்பா காலத்துப் பத்தாயம் ஒண்ணு பிரிச்சுப் போட்டுக் கிடந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் பலகையில மூணடி நீளத்துக்குப் பெட்டி அடிச்சோம். பக்கமெல்லாம் பலா. அடிப்பலகை மட்டும் உளுத்துப்போனதால புது மாம்பலகை. மேலே கம்பி வலை. பஸ்ல மடியில வச்சுக் கொண்டு போனேன். பேத்தி அதைப் பார்த்துக் குதிச்ச குதிப்பில எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துடுச்சு.

நாலாம் நாள் காலையில பெட்டி காலி. மாம்பலகையில, மூலையை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை. பேத்தி என்கிட்டப் பேசவே இல்லை. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லை.

எலி எப்படிப் போகும், எங்கே ஒண்டும்னு எனக்குத் தெரியும். சுவர் ஓரமாத்தான் போகும், நடுக்கூடத்துல போகாது. ஃபிரிட்ஜ் பின்னாடி, வாஷிங் மெஷின் அடியில பார்த்தோம். கிடைக்கல. ஊர்ல தஞ்சாவூர் கிட்டி வச்சா ஒரே அடியில முடிஞ்சுடும். இங்கே அடி விழக் கூடாதே. ஒரு பக்கெட்டை சுவர் ஓரமா வச்சு, அடியில பழைய துணியைப் பரப்பி, கொஞ்சம் வேர்க்கடலையும் வெள்ளரித் துண்டும் போட்டு, ஏறி வர புத்தகங்களைப் படி மாதிரி அடுக்கி வச்சேன். ஏறி உள்ளே விழுந்தா வழவழப்புல திரும்ப ஏற முடியாது.

அப்படிக் காத்துக்கிட்டிருந்த ரெண்டு ராத்திரியிலதான் மகள் தன் போன்ல இந்தப் பிராணியோட சரித்திரத்தை இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல சொன்னாள். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். ஆனா அவள் சொல்லச் சொல்ல, இது நம்ம வயல் கதை மாதிரியே இருக்கேன்னு நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன்.

கதை ஒரு காய்ச்சல்ல ஆரம்பிக்குது. காலா அசார்னு வங்காளம், பீகார் பக்கம் ஜனங்களைக் கொத்துக்கொத்தா கொண்டுபோன வியாதி. வயிறு வீங்கி, உடம்பு கறுத்து, இளைச்சுச் சாவாங்க. அதுக்குக் காரணமான கிருமியை 1903-ல கண்டு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம மெட்ராஸ்ல வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் டோனவன். இன்னொருத்தர் லண்டன்ல இருந்த லீஷ்மன். ரெண்டு பேர் பேரையும் சேர்த்துத்தான் அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானின்னு வச்சாங்க. மகள் வீட்டுலேருந்து பஸ்ல போற தூரத்துல இருக்கிற சென்னை அரசு பொது மருத்துவமனையில பார்த்த வேலை அது.

கிருமி தெரிஞ்சாச்சு. அடுத்து, அது எப்படிப் பரவுது, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கணும். அதுக்கு அந்தக் கிருமி உடம்புல வளரக்கூடிய ஒரு சின்னப் பிராணி வேணும். சீன ஹாம்ஸ்டர்ல அது வளருதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆனா சீன ஹாம்ஸ்டர் கூண்டுக்குள்ள குட்டி போடாது. ஒவ்வொரு தடவையும் சீனாவுலேருந்துதான் வரவழைக்கணும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல இருந்த சால் ஆட்லர்ங்கிற விஞ்ஞானிக்கு இது பெரிய தலைவலி. பக்கத்துலயே வேற ஹாம்ஸ்டர் கிடைக்குமான்னு அங்கேயே இருந்த விலங்கியல்காரர் இஸ்ரேல் அஹரோனிகிட்ட கேட்டார்.

சிரியாவுல பொன் நிறத்துல ஒண்ணு உண்டுன்னு ஏட்டுல மட்டும் இருந்தது. 1839-ல வாட்டர்ஹவுஸ்ங்கிற ஆங்கிலேயர் அலெப்போவுலேருந்து வந்த ஒரு தோலைப் பார்த்து அதுக்குப் பேர் வச்சிருந்தார். அந்தப் பக்கத்து ஜனங்க அதைக் கழுதை முதுகுல ரெண்டு பக்கமும் தொங்குற மூட்டைப் பைக்கு ஒப்பிட்டுக் கூப்பிடுவாங்களாம். கன்னத்துல தானியத்தை அடைச்சுக்கிட்டு ஓடுறதைப் பார்த்தவன் வச்ச பேரு. ஜெர்மன்காரங்க பாஷையில ஹாம்ஸ்டர்ங்கிற சொல்லுலேருந்தே பதுக்கி வைக்கிறதுக்கும் ஒரு வார்த்தை உண்டு. எங்க ஊர்ல பதுக்கல் வியாபாரியைப் பெருச்சாளின்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி.

1930 ஏப்ரல் 12. அலெப்போ பக்கம் ஒரு கோதுமை வயல். அஹரோனியோட உள்ளூர் வழிகாட்டி அந்த ஊர் ஷேக்கிடம் பேசி, கூலியாளுங்களை இறக்கி வெட்டச் சொன்னார். மணிக்கணக்கா வெட்டினாங்க. எட்டடி ஆழத்துல கூடு கிடைச்சது. ஒரு தாய், பதினொரு குட்டி.

மகள் இதைச் சொன்னப்ப எனக்கு அந்த வயல்காரன் ஞாபகம்தான் முதல்ல வந்தது. ஏப்ரல்னா அந்தப் பக்கம் அறுப்புக்கு இன்னும் ஒண்ணு ஒன்றரை மாசம் இருக்கும். கதிர் விட்டு நிக்கிற பயிர்ல எட்டடிக் குழி! எலிவளை நேரா இறங்காது. ஒரு கிளை இப்படி, ஒரு கிளை அப்படின்னு போகும். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா கால் மா நிலம் பாழாகும். எங்க பக்கம் எலி வெட்டுறவங்க அறுப்பு முடிஞ்ச பிறகுதான் வரப்புல இறங்குவாங்க. வளையில எலி பதுக்கின நெல்லு அவங்களுக்கு. நல்ல வளையில மரக்கால் கணக்குல எடுப்பாங்க. சின்னப்பிள்ளையில அந்த நெல்லை அவிச்சுக் குத்திச் சோறாக்கித் தின்ற வீடுகளை நான் பார்த்திருக்கேன்.

கூட்டை எடுத்தவுடனே அந்தத் தாய் பக்கத்துல கிடந்த குட்டியோட தலையைக் கடிச்சுடுச்சு. உங்களுக்குக் கேட்கக் கொடூரமா இருக்கும். கூடு கலைஞ்சா எலி அப்படித்தான் செய்யும், ஈன்ற பூனைகூடச் செய்யும். மீதிக் குட்டிங்களைக் காப்பாத்தத் தாயைப் பிரிச்சு சயனைடு போட்ட பாட்டில்ல போட்டுட்டாங்க. கண் திறக்காத குட்டிங்களை அஹரோனியும் அவர் மனைவியும் கையாலேயே வளர்த்தாங்க. கடைசியில ஒன்பது குட்டி பல்கலைக்கழக விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கிட்ட பென் மெனாஹெம்ங்கிறவர் கைக்குப் போச்சு.

இங்கேதான் மகள் படிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த மனுஷன் ஒன்பதையும் அடிப்பலகை மரத்துல செஞ்ச கூண்டுல விட்டிருக்கார். மறுநாள் காலையில பார்த்தா மரத்துல ஓட்டை. அஞ்சு குட்டி ஓடிப்போச்சு. ஒண்ணுகூட உயிரோட திரும்பக் கிடைக்கல. அலெப்போவுலேருந்து ஜெருசலேம் வரைக்கும் காப்பாத்திக் கொண்டு வந்ததுல பாதிக்கு மேல ஒரே ராத்திரியில, ஒரு பலகையால போச்சு. மனுஷன் இடிஞ்சுபோயிட்டாராம். போகாம என்ன செய்யும்! எனக்கு ஒரே ஒரு எலி போனதுக்கே சோறு இறங்கல.

மிச்சம் இருந்த நாலை வச்சு அவர் அடுத்துச் செஞ்ச கூண்டுதான் என்னை யோசிக்க வச்சது. பெரிய கம்பி வலைக் கூண்டு ஒண்ணை எடுத்து, மேலே வெளிச்சத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் மட்டும் விட்டுட்டு, மீதி முழுக்கக் காய்ஞ்ச புல்லை அழுத்தித் திணிச்சார். அதுல பெட்டையை விட்டார். அது தன் இஷ்டத்துக்குக் குடைஞ்சு வளை பண்ணிக்கிச்சு. பிறகுதான் கடுவனை விட்டார். இணை சேர்ந்தது. ஒரு வருஷத்துக்குள்ள நூற்றைம்பது ஆச்சு. 1931-ல ஆட்லர் சிலதைக் கோட்டுப் பையில போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 1937 வாக்கில லண்டன்லேருந்து வளர்க்க ஆசைப்பட்டவங்க கைக்குப் போச்சு. அடுத்த வருஷம் அமெரிக்கா. இன்னிக்கு உலகத்துல வீடுகள்ல இருக்கிற பொன் ஹாம்ஸ்டர் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு வளையோட வாரிசு. எங்க பிஸ்கட்டும் அந்த அலெப்போ வயல் வம்சமாத்தான் இருக்கணும்.

அவர் கொடுத்தது பெரிய அரண்மனை ஒண்ணும் இல்லை, குடைய ஒரு அடைசல். எலிக்கு மாடி எதுக்கு? நாம மேலே கட்டுறோம், அது கீழே கட்டுது. பின்னாடி ஜெர்மன் விஞ்ஞானிகள் சிரியாவுக்கும் துருக்கிக்கும் போய் வயல்ல இருபத்து மூணு வளையை அளந்து பார்த்திருக்காங்க. சராசரி ஆழம் ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல. எந்த வளையிலயும் வயசு வந்த எலி ஒண்ணுக்கு மேல இல்லை. அதனால, துணைக்கு இன்னொண்ணு வாங்கலாமான்னு கேட்ட மாப்பிள்ளைகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும்.

சுவிட்சர்லாந்துல 2006-ல வெளியான ஒரு ஆராய்ச்சி இன்னும் தெளிவு. அடியில போடுற மரச்சீவலோட ஆழத்தை 10 சென்டிமீட்டர், 40, 80-ன்னு மூணு விதமா வச்சுப் பார்த்திருக்காங்க. 10-ல இருந்ததுங்க கம்பியைக் கடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. 80-ல இருந்ததுங்க கடிக்கவே இல்லை. மகள் இதைப் படிச்சதும் அந்த ரோஸ் கலர் கூண்டைப் பார்த்தேன். அடித்தட்டுல ரெண்டு விரல் உயரத்துக்கு மேல எதுவும் போட முடியாது. அது வெளியே போகணும்னு கடிக்கல, கீழே போகணும்னு கடிச்சிருக்கு.

ரெண்டாம் ராத்திரி மூணு மணி சுமாருக்கு பக்கெட்ல "தொப்"புன்னு சத்தம். எட்டிப் பார்த்தா கன்னம் ரெண்டும் புடைக்க வேர்க்கடலையோட உட்கார்ந்திருக்கு. நான் பேத்தியை எழுப்பினேன். அவள் தூக்கக் கலக்கத்துலயே, "தாத்தா, பலகை வேண்டாம் தாத்தா"ன்னாள்.

பலகை வைக்கல. மறுநாள் நானும் மாப்பிள்ளையும் போய் மீன் தொட்டி விக்கிற கடையில ஒழுகுற தொட்டி ஒண்ணு அரை விலைக்குக் கேட்டு வாங்கினோம். "ஒழுகுதுங்க"ன்னு கடைக்காரர் ரெண்டு தடவை சொன்னார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். கண்ணாடியில பல் பிடிக்காது. மேலே என் பெட்டியில இருந்த கம்பி வலையையே சட்டம் அடிச்சு மூடினோம், காத்து தாராளமா வரணுமே. வெயில் படாத மூலையில வச்சோம், கண்ணாடித் தொட்டி வெயில்ல அடுப்பு மாதிரி ஆயிடும். அடியில ஒரு அடிக்கு மேல காகிதத் துணுக்கு, நடுநடுவே வைக்கோல் கலந்து, கையால அழுத்தி அழுத்திப் போட்டோம். அப்பதான் வளை இடியாது. சக்கரம் மட்டும் புதுசு, கிட்டத்தட்ட ஒரு அடி விட்டம். சின்னச் சக்கரத்துல அது முதுகை வளைச்சுக்கிட்டு ஓடுறதைப் பார்த்து எனக்கே முதுகு வலிச்சது.

அன்னிக்கு ராத்திரி சத்தமே இல்லை. காலையில பார்த்தா கண்ணாடி ஓரமா சுரங்கம் ஒண்ணு தெரிஞ்சது. கோடியில ஒரு அறை. அதுல வேர்க்கடலை, கம்பு, வெள்ளரி விதை, நான் வைக்கோலோட கொண்டுபோன நாலு நெல்லுமணி எல்லாம் தனித்தனியா குவிச்சு வச்சிருக்கு.

பேத்தி மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுக் கேட்டாள், "உங்க வயல்ல இருக்கிற எலியும் உள்ளே இப்படித்தான் வீடு கட்டியிருக்குமா தாத்தா?"

"ஆமாங் கண்ணு, இப்படியேதான்."

"அதுங்களுக்கும் பேர் வச்சிருக்கீங்களா?"

உளுந்து போட்டிருக்கேன், வரப்போரம் வளை ஜாஸ்தியா இருக்குன்னு ஊர்லேருந்து தம்பி போன் பண்ணியிருந்தான். கிட்டிக்காரரை வரச் சொல்லிட்டேன். அதை அவள்கிட்டச் சொல்லலை.