வைத்தியர் முதலமைச்சரானபோது: மேற்கு வங்காள அகதிகளும் டொக்டர் ரோயும்

முகாமில் இருந்த காலத்தில் நான் இரண்டு வரிசைகளில் நின்றிருக்கிறேன். ஒன்று வைத்தியரிடம், மற்றையது பதிவு மேசையில். வைத்தியர் "என்ன செய்யுது?" என்று கேட்பார். பதிவு மேசையில் குடும்ப அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். வைத்தியர் ஒருவர் அரசியலுக்கு வந்தால் அவருடைய கேள்வி பதிவு மேசைக்கும் வந்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கையோடுதான் டொக்டர் பிதான் சந்திர ரோயின் வரலாற்றைப் படித்தேன்.

1882 யூலை 1 இல் பாட்னாவில் பிறந்தவர் ரோய். கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். 1909 இல் இலண்டன் சென்று, மருத்துவம், அறுவைச் சிகிச்சை இரண்டிலும் உயர் பட்டங்களை இரண்டு வருடங்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் பெற்றார். ஊர் திரும்பி மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்தார். யாதவ்பூர் காசநோய் வைத்தியசாலை போன்ற நிறுவனங்களைக் கட்டியெழுப்புவதில் முன்நின்றார்.

1923 இல் வங்காள சட்டசபைத் தேர்தலில் மூத்த தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியைத் தோற்கடித்தார். பின்னர் கல்கத்தா மேயரானார். 1948 யனவரியில் மேற்கு வங்காளத்தின் முதலமைச்சரானார். பதவியில் இருந்தபோதும் காலையில் நோயாளரை இலவசமாகப் பார்த்தார்.

அவர் பொறுப்பேற்றபோது பிரிவினையால் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வந்துகொண்டிருந்தனர். சியால்தா புகையிரத நிலைய மேடைகளிலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. மத்திய அரசின் உதவி போதாது என்று நேருவுக்கு ரோய் கடிதம் எழுதி வாதாடினார். கல்யாணி, துர்காபூர் போன்ற நகரங்கள் அவருடைய காலத்தில் உருவாகின.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அகதிகள் வெறுங்காணிகளில் தாங்களே குடியிருப்புகளை அமைத்தனர். 1951 இல் அவர்களை வெளியேற்றும் சட்டமூலத்தைக் கொண்டுவந்ததும் ரோயின் அரசுதான். அகதிகள் அமைப்பாகத் திரண்டு வீதியில் இறங்கினர். அதன் பிறகே சட்டத்தின் பெயரிலும் உள்ளடக்கத்திலும் புனர்வாழ்வு சேர்க்கப்பட்டது. பின்னாளில் பல குடும்பங்கள் தூரத்து தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டன. மொழியும் மண்ணும் வேறான அந்த இடத்துக்குப் போக மறுத்தும் போராடினார்கள்.

ரோய் 1962 யூலை 1 இல், தன் 80 ஆவது பிறந்தநாளில், முதலமைச்சராகவே காலமானார். இந்தியா அந்த நாளை வைத்தியர் தினமாகக் கொண்டாடுகிறது.

அவரை நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பிட நான் வரவில்லை. வைத்தியசாலையில் நோயாளி தனி ஆள். வருத்தத்தைச் சொன்னால் போதும். அரசுக்கு முன்னால் அதே ஆள் காணி, பணம், வாக்கு என்ற கணக்கில் ஒரு இலக்கம். அங்கே தனியே சொன்னால் கேட்காது. கல்கத்தா அகதிகள் சேர்ந்து சொன்னார்கள். சட்டம் மாறியது.

வடக்கு கிழக்கிலும் வைத்தியர்கள் தேர்தலில் நிற்கிறார்கள். அவர்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றினார்கள் என்பதை நன்றியோடு நினைப்போம். வாக்குக் கேட்டு வரும்போது, எங்கள் காணிக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்போம்.