இரண்டாம் பாகத்தில் வளர்ந்துவிட்ட ஊர்

இரண்டாம் பாகம் என்றாலே நம் தலைமுறைக்கு ஒரு சந்தேகம் உண்டு. முதல் பாகத்தின் பெயரை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று நினைப்போம். கணினி விளையாட்டுகளிலும் அது நடப்பதுதான். ஆனால் 1997 முதல் 2000 வரை வெளிவந்த இரண்டு ஜோடி விளையாட்டுகளைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் கொஞ்சம் குறையும்.

இவற்றை ஐசோமெட்ரிக் விளையாட்டுகள் என்பார்கள். பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு டிராயிங் வகுப்பு நினைவுக்கு வரும். மொட்டை மாடியிலிருந்து சாய்வாகத் தெருவைப் பார்ப்பது போன்ற காட்சி. தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒரே அளவில் தெரியும். கறாராக அளந்தால் கோணம் சற்று மாறும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கை வேகம் அதிகம் தேவையில்லை. யோசிக்க நேரம் கிடைக்கும்.

முதல் ஜோடி, அமெரிக்காவின் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ஃபால்அவுட். 1997-ல் வந்தது. அணுகுண்டுப் போருக்குப் பின், பூமிக்கடியில் வால்ட் 13 என்ற காப்பிடத்தில் சிலர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியின் சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாளைக்குள் வேறு சில்லு தேடி வர ஒருவனை வெளியே அனுப்புகிறார்கள். அவன் கொண்டு வருகிறான், பெரிய ஆபத்திலிருந்தும் காப்பாற்றுகிறான். கடைசியில் வால்ட்டின் தலைவர், "நீ உள்ளே வந்தால் இளசுகள் எல்லாம் உன்னைப் பார்த்து வெளியே கிளம்பிவிடும்" என்ற பொருளில் பேசி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அவன் தனியாகப் பாலைவனத்தில் நடந்து போவதோடு கதை முடிகிறது.

அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. கதையில் 80 ஆண்டுகள் ஓடிவிட்டன. விரட்டப்பட்டவன் வடக்கே போய் அரோயோ என்ற கிராமத்தை உண்டாக்கியிருக்கிறான். அங்கே வறட்சி வர, அவன் பேரப்பிள்ளை ஊரைக் காக்கக் கிளம்புகிறது. முதல் பாகத்தில் ஷேடி சாண்ட்ஸ் ஒரு சின்னக் கிராமம். அதன் தலைவரின் மகள் டான்டியைக் கொள்ளையர்கள் தூக்கிப் போவார்கள், நாம் மீட்கலாம். இரண்டாம் பாகத்தில் அந்த ஊர் ஒரு குடியரசின் தலைநகர். டான்டி வயது முதிர்ந்த ஜனாதிபதி. முதல் பாகம் ஆடியவனுக்கு அங்கே ஒரு நிமிடம் தொண்டை அடைக்கும்.

குறையும் இருந்தது. அவசரமாக முடித்ததால் ஏகப்பட்ட கோளாறுகள். முதல் பாகத்தை உருவாக்கிய டிம் கெய்ன், லெனார்ட் போயர்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் வேலை நடக்கும்போதே விலகி, தனி நிறுவனம் தொடங்கினார்கள். ஊர் பெரிதாயிற்று, முதல் பாகத்தின் இறுக்கமும் தனிமையும் குறைந்தன. இடையிடையே கேலியும் கூடிவிட்டது.

இரண்டாவது ஜோடி பால்டர்ஸ் கேட். கனடாவின் எட்மன்டன் நகரில் மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய பயோவேர் நிறுவனம் இதை 1998 டிசம்பரில் கொண்டுவந்தது. ஐந்து சிடிக்கள். காடும் மேடுமாக நடந்துகொண்டே இருக்கலாம். துணைக்கு வரக்கூடியவர்கள் 25 பேர். ஆனால் பலர் ஓரிரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார்கள்.

2000-ல் வந்த இரண்டாம் பாகம் நடையைக் குறைத்து, பேச்சைக் கூட்டியது. துணைவர்கள் எண்ணிக்கை குறைந்தது; இருப்பவர்கள் சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள், கோபித்துக்கொண்டு போவார்கள். முதல் பாகத்தில் ஜஹீராவும் கலீதும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே வருவார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே, ஒரு நிலவறையில் கலீதின் உடலை ஜஹீரா பார்க்கிறாள். அதன் பிறகு அவள் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் அந்த இழப்பு இருக்கும்.

ஃபால்அவுட் ஊரை நினைவில் வைத்தது. பால்டர்ஸ் கேட் மனிதர்களை நினைவில் வைத்தது. முழுமை என்று பார்த்தால், முதல் ஜோடியில் முதல் பாகத்துக்கும் இரண்டாம் ஜோடியில் இரண்டாம் பாகத்துக்கும்தான் என் ஓட்டு. ஆனாலும் விரட்டப்பட்டவன் போன இடத்தில் ஒரு கிராமம் முளைத்திருந்ததே, அந்த ஒரு சேதிக்காகவே ஃபால்அவுட்டின் இரண்டாம் பாகம் வந்தது நல்லது என்பேன்.

மூன்றாம் பாகங்கள் பிறகு வேறு கைகளுக்குப் போயின. ஃபால்அவுட் 2008-லும் பால்டர்ஸ் கேட் 2023-லும் வந்தன. வீட்டில் பேரப்பிள்ளைகள் அவற்றை ஆடிக்கொண்டிருந்தால், பழைய பாகங்களையும் ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.