பி0844: ஒரு எரர் கோடின் பூர்வீகம்

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் சிக்னலில் நின்ற வண்டியைக் கிளப்பினால் 'டொக்'கென்று ஒரு உதறல், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. சொந்த ஊராக இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே யாரைத் தெரியும்? ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0844 என்று வந்தது. "கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்று ஹிந்தியில் சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். பெண்ணின் ஒரு வருட காலேஜ் ஃபீஸ்!

நான் படித்தது பி.காம். மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம், எந்த லெட்ஜரில் என்று அது சொல்லாது. இந்தக் கோடும் அப்படித்தானோ என்று தேடப்போனேன். அது 1943-க்கு இழுத்துக்கொண்டு போனது.

அந்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் கண் எரியும் புகைமூட்டம். அங்கிருந்த ஒரு பியூட்டாடையீன் ஆலைதான் காரணம் என்று பழி போட்டு அதை மூடவும் செய்தார்கள். புகை போகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஏரி ஹாகன்-ஸ்மிட், வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை இது என்று காட்டினார். 1967-ல் கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியம் அமைக்கச் சட்டம் வந்தது. அவரே அதன் முதல் தலைவர்.

புகையைக் கட்டுப்படுத்த வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்தது. அது கண்ட கோளாறைச் சொல்ல ஒரு பாஷை வேண்டுமே! 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் 'செக் எஞ்சின்' விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பாஷை.

1988 மாடல்களிலிருந்து சுயபரிசோதனையைக் கலிஃபோர்னியா கட்டாயமாக்கியது. 1990-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், ரிப்பேர் விவரங்களை வெளி ஒர்க்‌ஷாப்களுக்கும் தரவேண்டும் என்றது. 1996 மாடல்களிலிருந்து நாடு முழுக்க ஒரே 16 பின் சாக்கெட், ஒரே கோடு வரிசை. இதுதான் ஓபிடி-2. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-ல் முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன.

அந்த வரிசைப்படி என் கோடைப் பிரித்துப் பார்த்தேன். 'பி' என்றால் எஞ்சின், கியர் பகுதி. 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 8 கியர்பாக்ஸ். 40 முதல் 44 வரை கியர் ஆயிலின் முதல் பிரஷர் சென்சாருடைய மின்சுற்று. கடைசி எண் 0 பொதுவான கோளாறு, 1 நம்பமுடியாத ரீடிங், 2 சிக்னல் குறைவு, 3 அதிகம், 4 விட்டுவிட்டு வரும் கோளாறு. ஆக, கியர்பாக்ஸ் போச்சு என்று அது சொல்லவேயில்லை. சென்சாரிடமிருந்து சேதி விட்டுவிட்டு வருகிறது என்கிறது, அவ்வளவுதான். ரீடிங்கை நம்பமுடியாவிட்டால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ஆயில் பிரஷரை முழுசாக ஏற்றிவிடும். உதறல் அதனால்தான்.

மறுநாள் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். முதலில் ஆயில் அளவும் நிறமும், பிறகு கனெக்டரும் வயரும். கனெக்டருக்குள் ஆயில் கசிந்து பின் கறுத்திருந்தது. துடைத்து, இறுக்கி மாட்டி, கோடை அழித்தார்கள். இன்றுவரை திரும்ப வரவில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆயில் கருகல் வாடை அடித்தால் விஷயம் பெரிசு. கனெக்டர் சரியாக இருந்தால் கியர்பாக்ஸின் டெஸ்ட் போர்ட்டில் நிஜமான பிரஷர் கேஜ் மாட்டி, ஸ்கேனர் காட்டுவதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் குறைவு என்றால் பம்ப், வால்வ் பாடியைப் பார்க்கவேண்டும். கேஜ் சரியாக இருந்து ஸ்கேனர் மட்டும் தப்பு என்றால் சென்சார் அல்லது வயர். இதையெல்லாம் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்குவது, அந்த ஆலையை மூடிய கதைதான்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்குத் தெரிந்த மெக்கானிக் கிடையாது. ஆனால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய ஒரு கோடு இருக்கிறது. அடுத்த தடவை விளக்கு எரிந்தால் எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன், அந்த எண்ணை முழுசாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி இலக்கத்தை மறக்காதீர்கள் :-)