மூழ்கி எழுந்த துறைமுகம்

இத்தாலி என்றதும் நம் மாணவர்களுக்கு ரோமாபுரியும் சாய்ந்த கோபுரமும் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயும்தாம் நினைவுக்கு வரும். பாடநூல்களில் அவைதாம் உள்ளன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே கடலோரத்தில், நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, ரயிலேறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் பொட்சுவோலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு.

பொம்பே மாண்டுபோன ஊர். பொட்சுவோலியோ 2500 ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. இன்றைக்கும் அங்கே காலையில் மீன் வந்து இறங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாடியில் துணி காய்கிறது. ஆனால் அவர்களுடைய காலுக்குக் கீழே இருக்கும் நிலம் மட்டும் சும்மா இருப்பதில்லை. சில காலம் மெல்ல மெல்ல இறங்குகிறது. சில காலம் மேலே எழும்புகிறது. ஊரே ஒரு பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

இவ்வூரை நிறுவியவர்கள் கிரேக்கர்கள். சாமோஸ் என்ற தீவிலிருந்து ஏறக்குறைய கி.மு. 528-இல் இங்கு வந்து குடியேறி, டிகையார்க்கியா என்று பெயரிட்டார்கள். 'நீதியான ஆட்சி' என்று பொருள். பின்னர் ரோமர்கள் கி.மு. 194-இல் தங்கள் ஆட்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் இட்ட பெயர் புத்தேயோலி. கிணறு என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். நாற்றம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். பக்கத்திலேயே கந்தகப் புகை கக்கும் சோல்ஃபத்தாரா என்ற பள்ளம் இருப்பதால், இரண்டாவது கூற்றையும் தள்ளிவிட முடியவில்லை. வேதாகமம் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அப்போஸ்தலர் பவுல் கரையிறங்கிய இடம் இதுதான்.

ரோமாபுரிக்கு அக்காலத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கத்தக்க நல்ல துறைமுகம் கிடையாது. ஆகவே எகிப்திலிருந்து கோதுமை ஏற்றி வந்த கப்பல்கள் எல்லாம் புத்தேயோலிக்கே வந்தன. அந்தக் கப்பல்களின் பாய் தெரிந்தவுடன் ஊர் சனங்கள் கடற்பாலத்தில் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று செனெக்கா என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கை மட்டுமா? ரோமாபுரி ஏழைகளின் ரொட்டி அல்லவா அந்தக் கப்பலில் வருகிறது! இப்படிப்பட்ட கப்பல்களைத்தான் காலிகுலா என்ற பேரரசன் கி.பி. 39-இல் கடலில் வரிசையாக நிறுத்தி, மேலே மண் கொட்டிப் பாலமாக்கி, அதன்மீது குதிரையில் சவாரி போனான். அதனால் நாட்டில் தானியத் தட்டுப்பாடு வந்தது என்று வரலாற்றாசிரியர் டியோ கூறுகிறார். மன்னனின் இரண்டு நாள் விளையாட்டுக்கு யார் வயிறு காய்ந்தது பாருங்கள்.

இந்த ஊருக்கும் நம் முன்னோருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேர நாட்டு முசிறியில் ஏற்றப்பட்ட மிளகு அரபிக் கடலைத் தாண்டி, செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதிவழியே அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து மறுபடி கப்பலேறி இத்தாலிக்கு வந்தது. அப்படி வந்த கப்பல்களுக்கு இத்தாலியின் தலைவாசலாக இருந்தது புத்தேயோலி. செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு கோயிலுக்குள் இருந்த சாடியில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே கரையில் குசேர் அல்-கதீம் என்ற இடத்தில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமி எழுத்தில் எழுதிய மண்பாண்டத் துண்டு கிடைத்திருக்கிறது. ஒறி என்றால் வேறொன்றுமில்லை. நம் பாட்டிமார் மோர்ப்பானை தொங்கவிட்ட உறிதான்.

புத்தேயோலியில் அன்னியுஸ் என்ற குடும்பப் பெயருடைய வணிகர்கள் பெரும் புள்ளிகளாக இருந்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஆய்வாளர்கள் கருதும் அன்னியுஸ் புலோக்காமுஸ் என்பவர் செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்தார். அவருடைய ஆள் ஒருவர் கடற்காற்றில் சிக்கி, பதினைந்தாம் நாள் இலங்கைக் கரையில் ஒதுங்கினார் என்று பிளினி எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த ரோமானிய வெள்ளிக் காசுகளை இலங்கை மன்னர் பார்த்தார். வெவ்வேறு அரசர்களின் தலை பொறித்திருந்தும் எல்லாக் காசும் ஒரே எடையாக இருந்தன. இவர்கள் நாணயமானவர்கள் என்று மெச்சித் தூதர்களையே ரோமுக்கு அனுப்பினாராம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. எகிப்தியப் பாலைவனத்தில், பெரெனிகே போகும் வழியில், ஒரு பாறை நிழலில் லீசாஸ் என்பவன் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். புலோக்காமுஸின் அடிமை நான், இங்கு வந்தேன் என்று கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இருமுறை எழுதியிருக்கிறான். ஆண்டு கி.பி. 6, மாதம் ஜூலை. ஜூலை மாதத்துப் பாலைவன வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. முதலாளிமார் பெயர் புத்தகத்தில் ஏறும். மூட்டையோடு போனவன் பெயர் ஏறாது. இவன் தானே எழுதிக்கொண்டான். அதனால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை!

இப்போது ஊருக்குள் வருவோம். துறைமுகத்துக்குச் சற்று உள்ளே ஒரு பெரிய பள்ளத்தில் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 40 அடிக்குக் குறையாது. 1750-இல் இதைத் தோண்டியபோது செராப்பிஸ் என்ற தெய்வத்தின் சிலை அகப்பட்டதால் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது பாசார்தான். நடுவிலே வட்ட மண்டபம், சுற்றிலும் கடைகள், மூலையில் கழிப்பிடம்கூட உண்டு.

தூண்களைக் கிட்ட நின்று பார்த்தால் ஒரு விந்தை தெரியும். அடியிலிருந்து ஏறக்குறைய 12 அடி வரை வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேலே 9 அடி உயரத்துக்குக் கல் முழுக்க ஓட்டை ஓட்டையாக அரித்திருக்கிறது. அதற்கும் மேலே மறுபடி ஓட்டையே இல்லை. யார் இப்படித் துளைத்தது? கடலில் வாழும் ஒரு வகைச் சிப்பி. அது கல்லைக் குடைந்து உள்ளே குடியிருக்கும். தண்ணீருக்கு வெளியே வாழாது. அப்படியானால் தூண்கள் ஒரு காலத்தில் 20 அடிக்கு மேல் கடலில் மூழ்கியிருந்தன என்றாகிறது. அடிப்பாகம் மண்ணில் புதைந்து கிடந்ததால் சிப்பி அண்டவில்லை. தலைப்பாகம் நீருக்கு மேலே இருந்ததால் அங்கும் அண்டவில்லை. தரையில் கட்டிய பாசார் கடலுக்குள் போய், மறுபடி வெளியே வந்திருக்கிறது. இத்தனை நடந்தும் மூன்று தூண்களும் விழவில்லை. 1830-இல் சார்ல்ஸ் லையல் என்ற ஸ்காட்லாந்து நில இயல் அறிஞர் தம் நூலின் முகப்பிலேயே இந்தத் தூண்களின் படத்தைப் போட்டார். பூமி மெல்ல மெல்ல ஏறி இறங்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

பக்கத்து ஊரான பாயேயில் பணக்கார ரோமர்களின் மாளிகைகள் இருந்தன. அவை இன்னும் கடலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. கண்ணாடி பதித்த படகில் போய்ப் பார்க்கிறார்கள்.

1538-இல் நிலம் திடீரென்று உப்பியது. கடல் பின்வாங்கி, மீன்கள் கரையில் துள்ளின. சனங்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். செப்டம்பர் 29-ஆம் நாள் பூமி பிளந்து தீ கக்கியது. ஒரு வாரத்துக்குள் 400 அடி உயரத்தில் ஒரு மலையே முளைத்துவிட்டது. இன்றும் அதற்குப் 'புதிய மலை' என்றே பெயர். திரிப்பேர்கோலே என்ற கிராமம் அடியோடு அழிந்தது. அடங்கிவிட்டது என்று எண்ணி மேலே ஏறிப் பார்க்கப் போன 24 பேர் மறு வெடிப்பில் மாண்டார்கள்.

ரோமர்கள் இந்த எரிமலை மண்ணையும் வீணாக்கவில்லை. சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலேயே இறுகும் என்று கண்டுகொண்டார்கள். இங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய்ப் பாலஸ்தீனத்துச் செசரியா துறைமுகத்தைக்கூட இதைக் கொண்டு கட்டினார்கள். இந்த ஊர்ப் பெயரால்தான் அந்த மண்ணுக்குப் பொட்சொலானா என்று பெயர். இன்றும் சிமிந்தி வேலையில் இப்படிப்பட்ட பொருள்களுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது. நம் நெல் உமிச் சாம்பல்கூட அந்த வகையில் சேர்ந்ததே. ஊரின் மேட்டில் இருக்கும் பெரிய விளையாட்டு அரங்கைக் கட்டியவர்களுக்கும் இந்தக் கலவை கைகொடுத்தது. அரங்கின் கீழ்த்தளத்தில் மிருகக் கூண்டுகளை மேலே தூக்கிய வழிகள் இன்னும் அப்படியே உள்ளன. அங்கே நடந்ததை வர்ணிக்க மனம் வரவில்லை.

கடலை ஒட்டிய பாறை மேட்டில் ரியோனே தெர்ரா என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. மீன்பிடிப்பவர்களும் கூலி வேலை செய்பவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1964-இல் அங்கிருந்த தேவாலயம் தீப்பற்றி எரிந்தது. சுவர் உதிர்ந்தபோது உள்ளே ரோமானியக் கோயிலின் சலவைக்கல் தூண்கள் தெரிந்தன. கோயிலை இடிக்காமல் சுவரெழுப்பி மாதாகோயில் ஆக்கியிருந்தார்கள்.

பிறகு நிலம் மறுபடி உயரத் தொடங்கியது. 1970 மார்ச் 2-ஆம் நாள் போலீசும் பட்டாளமும் வந்து, உடனே வெளியேறுங்கள் என்றார்கள். ஏறக்குறைய 3000 பேர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு! இடத்தைப் பிடுங்கத்தான் நிலநடுக்கத்தைச் சாக்குச் சொல்கிறார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். நிலம் உயர்ந்தது என்னவோ உண்மை. இரண்டாண்டுகளில் ஐந்தடிக்கு மேல். ஆனால் அந்தச் சனங்களைக் கலந்து பேசியிருக்கலாம் அல்லவா? தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் லயத்தைக் காலி செய்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1982 முதல் 1984 வரை இன்னும் ஆறடி உயர்ந்தது. 1983-இல் சுமார் 40,000 பேர் ஊர் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக மோந்தே ரூஷெல்லோ என்ற புதிய குடியிருப்பு கட்டப்பட்டது. துறைமுகத்தில் நீர் வற்றி, படகுகள் கட்ட முடியாமல், தாழ்வாக வேறு மேடை கட்ட வேண்டியதாயிற்று. 2005 முதல் நிலம் மறுபடி உயர்ந்துகொண்டு வருகிறது. 2024-லும் 2025-லும் வீடுகள் விரிசல் விடும் அளவுக்கு அதிர்ந்தது. சோல்ஃபத்தாராவில் 2017-இல் மூவர் இறந்தபின் அதைப் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள்.

ரியோனே தெர்ராவின் தேவாலயம் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ரோமானியத் தூண்களுக்கு இடையே கண்ணாடி வைத்து அழகாகச் செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பாதாளத்தில் பழைய புத்தேயோலியின் தெருக்கள், கடைகள், ரொட்டி சுட்ட இடத்தின் திரிகைக் கற்கள் எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். மேலே 1970-இல் காலியான வீடுகளும் பழுது பார்க்கப்பட்டு, வண்ணம் பூசி நிற்கின்றன. அந்த வீடுகளிலிருந்து இறங்கிப் போனவர்கள் யாரும் அங்கே திரும்பிக் குடிவரவில்லை.