மூடிய கோடும் மூடிய கோப்பும்

காகிதத்தில் பென்சிலால் ஒரு சதுரம் வரையும்போது நான்காவது கோடு முதல் கோட்டைச் சரியாகத் தொட்டதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. மயிரிழை இடைவெளி இருந்தாலும் கண் அதை மூடிய உருவமாகவே எடுத்துக்கொள்ளும். கணினியிடம் அந்தத் தாராளம் கிடையாது. இரண்டு முனைகளின் எண்களும் ஒன்றாக இருந்தால் மூடியது, இல்லாவிட்டால் திறந்தது. கேட் மென்பொருள்களின் வரலாற்றில் இந்தச் சின்ன விஷயம் தின்ற நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான விடை தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கிக் காட்டினார். லிங்கன் ஆய்வகத்தின் டி.எக்ஸ்-2 கணினியில் அது இயங்கியது. ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ரப்பர் போல நீளும் கோடு வரும். ஆய்வேட்டின் தொடக்கத்தில் அவர் தரும் எடுத்துக்காட்டு ஓர் அறுகோணம். கடைசிப் பக்கத்தை வரையும்போது பேனாவை முதல் கோட்டின் முனைக்கு அருகில் கொண்டுவந்தால் போதும், கணினியே அந்த முனையைப் பிடித்துத் துல்லியமாகச் சேர்த்துவிடும். பேனாவைச் சட்டென்று சுண்டினால் வரைதல் முடிந்தது. கை நடுங்கலாம், எண் நடுங்காது!

ஆனால் அந்தக் கணினி ஒரு பெரிய ஆய்வகத்தின் சொத்து. சாதாரண அலுவலகத்து வரைவாளரின் மேசைக்கு கேட் வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 1982-ல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் ஆட்டோகேட் அறிமுகமானது. சிறிய கணினிகளில் ஓடியதால் அது வேகமாகப் பரவியது. ஆனால் உருவத்தை மூடும் பொறுப்பு பெருமளவு மனிதனிடமே திரும்பி வந்துவிட்டது.

'லைன்' கட்டளையில் கடைசிப் பக்கத்துக்கு 'சி' என்று தட்டினால், கோடு தொடங்கிய புள்ளிக்கே போய்ச் சேரும். நடுவில் எண்டர் அழுத்திக் கட்டளையை விட்டு வெளியே வந்தால் அந்தத் தொடக்கப்புள்ளி மறந்துபோகும். அதன் பிறகு கண் அளவில் புள்ளி வைத்தவர்களின் மூலைகளில் இடைவெளி விழுந்தது. அது அப்போது தெரியாது. சுவரின் வெட்டுத்தோற்றத்தில் ஹேட்ச் போடும்போதுதான் குட்டு உடையும், சாய்கோடுகள் எல்லை தாண்டி வழிந்து நிற்கும். 1992-ல் வந்த 12-ஆம் பதிப்பின் 'பி-ஹேட்ச்' கட்டளை, உள்ளே ஒரு புள்ளியைக் காட்டினால் எல்லையைத் தானே தேடியது. இடைவெளி இருந்தால் அதுவும் கைவிரித்துவிடும். பிறகு ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான். எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வசதி பிந்தைய பதிப்புகளில்தான் வந்தது.

முனையைத் துல்லியமாகப் பிடிக்க வழியே இல்லாமல் இல்லை. கோடு வரையும் நடுவே 'எண்ட்' என்று தட்டிவிட்டு முனைக்கு அருகில் காட்டினால், ஸ்கெட்ச்பேட் செய்த அதே வேலையை ஆட்டோகேட்டும் செய்தது. சிக்கல் அந்தச் சொல்லில் இருந்தது. கோப்பைச் சேமித்து மூடும் கட்டளைக்கும் அந்நாளில் 'எண்ட்' என்றுதான் பெயர்! எந்தக் கட்டளையும் நடப்பில் இல்லாதபோது, கோடு வரைந்துகொண்டிருப்பதாக நினைத்து 'எண்ட்' தட்டியவரின் வரைபடம் அப்படியே சேமிக்கப்பட்டு மூடிக்கொள்ளும். உருவத்தை மூடப் போனவர் கோப்பை மூடிவிட்டிருப்பார். அந்நாளைய கணினியில் பெரிய வரைபடத்தை மீண்டும் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். 'அண்டு' செய்து பின்னோக்கிப் போகும் வழியும் கோப்போடு மூடியிருக்கும். அதனால்தான் 'எண்ட்' என்பதோடு ஒரு 'பி' சேர்த்துத் தட்டும்படி பாடநூல்கள் எச்சரித்தன.

இன்னொரு கட்டளை 'குயிட்'. இது சேமிக்காமல் வெளியேறுவது. உண்மையிலேயே எல்லா மாற்றங்களையும் கைவிடவா என்று கேட்கும், ஆம் என்றால் அன்றைய உழைப்பு போயிற்று. பொருளில் இவ்வளவு நெருக்கமான இரண்டு சொற்களில் ஒன்றுக்குச் சேமிப்பதையும் மற்றதற்கு அழிப்பதையும் கொடுத்தது நல்ல ஏற்பாடு அல்ல. ஆபத்தானதற்கு ஒரு கேள்வியாவது இருந்தது என்பதே ஆறுதல்.

1999-ல் வெளியான ஆட்டோகேட் 2000-ல் ஒரே நேரத்தில் பல வரைபடங்களைத் திறந்துவைக்க முடிந்தது. மென்பொருளை விட்டு வெளியேறாமல் ஒரு கோப்பை மட்டும் மூட 'குளோஸ்' கட்டளை வந்தது. சேமிக்கவா, வேண்டாமா, ரத்து செய்யவா என்று அது கேட்டது. பழைய 'எண்ட்' கட்டளை கைவிடப்பட்டது. முனையைப் பிடிக்கும் 'எண்ட்' இன்னும் இருக்கிறது, 'லைன்' கட்டளையின் 'சி'யும் இருக்கிறது.