ஊர்ச்சபை மரபு (தாமிரபரணிப் படுகை)

தாமிரபரணிப் படுகையில் ஊர்ச்சபை எப்படி இயங்கியது என்பதற்கு முதன்மையான சான்று மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது மானூர். அங்குள்ள அம்பலவாண சுவாமி கோயில் தூண் ஒன்றில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 800ஐ ஒட்டி, வட்டெழுத்தில் இது வெட்டப்பட்டது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு (919, 921) ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. புகழெல்லாம் உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தல் முறைக்குப் போய்விட்டது; மானூரின் பெயர் நெல்லைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

களக்குடி நாட்டுப் பிரமதேயமான மானநிலைநல்லூரின் (இன்றைய மானூர்) மகாசபை கூடித் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளே இக்கல்வெட்டின் பொருள். ஊரில் நிலப் பங்கு உடையவரின் மக்களுள், ஒரு பங்குக்கு ஒருவரே சபையில் பேசலாம். அவர் நன்னடத்தை உள்ளவராகவும், மந்திர பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றவராகவும் இருக்க வேண்டும். விலைக்கு வாங்கியோ, தானமாகவோ, சீதனமாகவோ பங்கு பெற்றவர்களுக்கும் கல்வித் தகுதி தேவை. அரைகுறைப் படிப்பு செல்லாது. சீதனப் பங்கு பெண்வழி வருவது. ஆனால் பெண் சபையில் அமர்வது பற்றிய பேச்சே கல்வெட்டில் இல்லை.

எல்லாவற்றிலும் சுவையான விதி முட்டுக்கட்டை பற்றியது. சபையில் எந்தக் காரியத்தை எடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் 5 காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்குத் துணை நின்றவர்களுக்கும் அதே தண்டம். இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்தது என்றால், கூட்டங்கள் எவ்வளவு காரசாரமாக நடந்திருக்க வேண்டும்! மாற்றுக் கருத்தை அடக்கவும் இது பயன்பட்டிருக்கலாம். ஆயினும் பேச்சு, தீர்மானம், ஒழுங்கு என்று சபை நடைமுறையைப் பற்றியே யோசித்த மனிதர்கள் இங்கே இருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

சபை வெறும் பேச்சு மன்றமும் அல்ல. மேற்கே அம்பாசமுத்திரத்தில் கிடைத்த கல்வெட்டு, வரகுண பாண்டியன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் முள்ளிநாட்டு இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைத்ததைச் சொல்கிறது. முதலைத் தொடாமல், காசுக்கு 2 கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் வட்டியாகக் கோயில் வழிபாட்டுக்கு அளக்க வேண்டும். அரசனே நம்பி முதல் போடும் அளவுக்குச் சபைக்கு நிலையான பொறுப்பும் கணக்கும் இருந்தன.

இவற்றை வைத்து, மக்களாட்சி பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில்தான் பிறந்தது என்று மேடையில் முழங்குவது எளிது. அது சரியல்ல. மானூர்ச் சபை அந்தணர் பிரமதேயம் ஒன்றின் பங்காளிகள் சபை. அரசனின் கீழ் நின்று ஊர்க் காரியம் பார்த்தது. அரசனின் அதிகாரமே குடிகளிடமிருந்து வருவது என்று அது சொல்லவில்லை. அந்தக் கருத்தை உரக்கச் சொன்னது 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம். ஜான் லாக்கின் இயற்கை உரிமைக் கொள்கை அதற்கு அடித்தளம். 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தபோது, பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூல் அமெரிக்கத் தலைவர்களின் கண்முன் இருந்தது. ஆனால் நடைமுறையில் அந்த அமெரிக்கா மானூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் சொத்துள்ள ஆண்களுக்கே வாக்கு. அடிமைகள் சொத்தாகவே எண்ணப்பட்டனர். பெண்களின் வாக்குரிமை நாடு முழுதும் உறுதியாக 1920 வரையும், கறுப்பின மக்களுக்கு அது தெற்கு மாநிலங்களில் நடைமுறையாக 1965 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சபைக்கு வெளியே இருந்தவர்களின் வாழ்வைக் கல்வெட்டுகளில் தேடிப் பயனில்லை. இலக்கியத்தில்தான் கொஞ்சம் தென்படுகிறது. பொருநையோடு சிற்றாறு கூடும் சீவலப்பேரிப் பகுதியே முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் (அம்பாசமுத்திரத்துப் பக்கம் பீடித் தொழிலுக்குப் பேர்போன முக்கூடல் பேரூராட்சி வேறு). பிற்காலத்தைச் சேர்ந்த இச்சிற்றிலக்கியத்தில் உழுபவன் பள்ளன். கணக்குக் கேட்டு அவனைத் தொழுமரத்தில் மாட்டுபவன் பண்ணைக்காரன். வகைவகையான நெல்லின் பெயரும் மாட்டின் பெயரும் அறிந்த அந்த உழவனுக்கு, தன்மேல் வந்த குற்றச்சாட்டை மறுத்துரைக்க ஒரு சபை கிடையாது.

நாயக்கர் காலத்தில் பாளையப்பட்டுகள் எழுந்தன. பின்னர் கலெக்டர் ஆட்சி. பழைய சபைகளின் அதிகாரம் தேய்ந்து, நினைவு மட்டும் கல்லில் தங்கியது. வைஸ்ராய் ரிப்பனின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானமும், அதைத் தொடர்ந்த 1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டமும் உள்ளாட்சிக்குப் புது வடிவம் தந்தன. அதிலும் நிலமும் வரியுமே தகுதி என்ற பழைய கதைதான் தொடர்ந்தது.

அந்தக் கதையை முறித்தது 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு. அடிப்படை உரிமைகளை வகுத்ததில் அமெரிக்க உரிமைப் பட்டயத்தின் தாக்கம் தெளிவானது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் பயின்றவர். கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடமாகக் கண்ட அவர், 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அதைக் கடுமையாகச் சொன்னார். தனிமனிதனையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டதற்காக மகிழ்ந்தார். மானூரையும் முக்கூடற்பள்ளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு அந்தக் கடுமையின் நியாயம் விளங்கும்.

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் அதன்படி முதல் தேர்தல் நடந்தது. பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு கிடைத்தது. சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தலைவர் நாற்காலிக்கு வந்தனர். சட்டம் கொடுத்ததை ஊர் கொடுத்துவிடவில்லை. மானூருக்கு அருகிலுள்ள தாழையூத்து ஊராட்சியில் 2006இல் தலைவரான அருந்ததியர் பெண் பி. கிருஷ்ணவேணி, 2011 ஜூனில் கும்பலால் வெட்டப்பட்டுப் படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். பெண்களுக்கான ஒதுக்கீடு தமிழக உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது 2016ஆம் ஆண்டில்.